நான் உட்கார்ந்து எழும் காணொளியை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
டைல்ஸ் பதிக்கும் தொழிலாளி, வயது 54
(பெயர், கதவு எண், தொலைபேசி எண் இணைப்பு 1-இல் உள்ளன)

பெறுநர்:
தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு மற்றும் ஆய்வு அலுவலர் அவர்கள்

பொருள்: மூட்டு வலிக்கு ஸ்டெம் செல் சிகிச்சை அளிப்பதாகக் கூறும் தனியார் நிலையம் – என்னைக் காட்டும் விளம்பரக் காணொளியை நிறுத்துதல் – என் மனைவியின் அக்காவுக்குப் போடப்பட்ட ஊசியில் என்ன இருந்தது எனக் கண்டறிதல் – தொடர்பாக.

பார்வை: 1. இதே பொருளில் நான் நேரில் அளித்த மனு.
2. "மனுதாரரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் உள்ளதால் மேல்நடவடிக்கைக்கு இடமில்லை" என்ற தங்கள் அலுவலகப் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகப் பதில் கிடைத்தது. அதில் பிழை ஏதும் இல்லை. ஒப்புதல் கொடுத்தது நான்தான். ஒப்புதல் படிவத்தின் பதினோரு பக்கங்களிலும் இருப்பது என் கையெழுத்துதான். ஆனால் முதல் மனுவில் எனக்குப் பாதகமான இரண்டு விவரங்களை நான் எழுதாமல் விட்டுவிட்டேன். அவற்றையும் சேர்த்து நடந்ததை முழுவதுமாக இப்போது எழுதுகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. இருபத்தொன்பது ஆண்டுகளாகத் தரைக்கு டைல்ஸ் பதித்து வருகிறேன். இந்த வேலையை நின்றுகொண்டு செய்ய முடியாது. இரண்டு முழங்காலையும் சிமெண்டுத் தரையில் ஊன்றி, கல்லை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, மட்டம் பார்த்து, பின்னோக்கி நகர வேண்டும். பதித்த கல் மீது கால் படக்கூடாது. ஒரு பள்ளிக்கூடம், இரண்டு வங்கிகள், எண்ணிக்கை மறந்துபோன வீடுகள் என எல்லாவற்றிலும் நான் பின்னோக்கியே நகர்ந்திருக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. ஐம்பதில் இடதும் சேர்ந்துகொண்டது. படியிறங்கும்போது உள்ளே மணல் அரைபடுவது போல இருக்கும். கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியாது. கதவைத் தாழிடாமல் உட்கார்ந்து மனைவியைக் கூப்பிடுவேன். ஐம்பது வயது ஆளுக்கு இது எப்படி இருக்கும் என்பதைத் தாங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

3. எண்ணெய் தேய்த்தேன். காந்தப் பட்டை கட்டினேன். கூட வேலை செய்பவர்கள் ஆளுக்கொன்று சொன்ன மாத்திரைகளை எல்லாம் விழுங்கினேன். வயிறு புண்ணான பிறகே அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டி, இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்க வேண்டிய குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று விளக்கினார். எடையைக் குறைப்பது, தொடைத் தசைக்குத் தினமும் பயிற்சி செய்வது, முழங்காலுக்கு மெத்தைப் பட்டை போட்டுக்கொள்வது, முடிந்தால் தரை வேலையை விட்டுச் சுவர் வேலைக்கு மாறுவது, வலி மீறினால் மட்டும் மாத்திரை, எதற்கும் அடங்காத நிலையில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்று வரிசையாகச் சொன்னார். ஸ்டெம் செல் ஊசி பற்றி நானே கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தேய்ஞ்ச குருத்தெலும்பு அதனால திரும்ப வளரும்னு இதுவரைக்கும் யாரும் உறுதியா காட்டல. ஆராய்ச்சி நடக்குது. நல்லபடியா நடக்கற ஆராய்ச்சியில சேர்ந்தீங்கன்னா உங்ககிட்ட காசு வாங்க மாட்டாங்க. பலிக்காமப் போகலாம்னு முதல்லயே சொல்லிடுவாங்க. காசும் வாங்கி, கண்டிப்பா சரியாகும்னும் சொன்னா, நீங்க எழுந்து வந்துடுங்க."

அவர் சொன்ன பயிற்சியைப் பன்னிரண்டு நாள் செய்தேன். வலி குறையவில்லை என்று விட்டுவிட்டேன். மூன்று மாதமாவது செய்யச் சொல்லியிருந்தார்.

4. சம்பந்தப்பட்ட நிலையம் ஒரு சோபா கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் உள்ளது. லிப்ட் உண்டு. முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுவே பெரிய மரியாதையாகத் தெரியும். அரசு மருத்துவமனையில் ஐந்து நிமிடம் கிடைத்த எனக்கு அங்கே முக்கால் மணி நேரம் கிடைத்தது. நிலையத்தின் தலைமை மருத்துவர் என் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இப்படிச் சொன்னார்: "ஒரு டைல்ஸ் பேந்துபோச்சுன்னா வீட்டையா இடிப்பீங்க? அந்த இடத்துல மட்டும் புதுசா ஒட்டுவீங்கல்ல? நாங்க செய்றதும் அதேதான். உங்க இடுப்பெலும்புல இருந்து உங்க செல்லையே எடுக்கறோம், தேய்ஞ்ச இடத்துல விடறோம். அது ஒட்டிக்கும்."

அடித்தளம் பொரிந்துபோன தரையில் புதுக் கல் ஒட்டினால் மூன்று மாதம்கூட நிற்காது என்பது எனக்குத் தெரியும். அதை அன்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் வேலையை மதித்து ஒரு படித்தவர் பேசுகிறார் என்ற பூரிப்பில் கையெழுத்துப் போட்டேன்.

5. ஊசி போட்ட நான்காம் நாள் வலது முழங்காலில் வலி இல்லை. மிகைப்படுத்தவில்லை ஐயா, சுத்தமாக இல்லை. ஒன்பதாம் நாள் படம் எடுக்க அழைத்தார்கள். தரையில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். எழச் சொன்னார்கள், எதையும் பிடிக்காமல் எழுந்தேன். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அப்படி எழுந்ததில் எனக்கு அழுகை வந்துவிட்டது. தாங்கள் அந்தக் காணொளியைப் பார்த்திருந்தால், கடைசியில் முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் அழுவது தெரியும். யாரும் அழச் சொல்லவில்லை. நடித்திருந்தால் பார்க்கிறவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள். அது உண்மையான அழுகை என்பதால்தான் இத்தனை பேர் நம்புகிறார்கள்.

6. நான் முதல் மனுவில் மறைத்த விவரங்களில் ஒன்று இது. நன்றிக்காக மட்டும் நான் படத்தில் வரவில்லை. படத்தில் பேசினால் இடது முழங்காலுக்கு இலவசமாக ஊசி போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் ஊசி போட்டு மூன்று மாதம் ஆகும்போது அதற்கு நாள் குறித்திருந்தார்கள்.

7. பத்தாவது வாரத்தில் வலி திரும்பியது. முதலில் படியில், பிறகு படுக்கையில். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஈரத்தில் நின்றதால் வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னாளில் அரசு மருத்துவர், மரத்துப்போகும் மருந்தும் வீக்கத்தை வற்றச் செய்யும் மருந்தும் ஊசியில் கலந்திருந்தால் இப்படிச் சில வாரம் வலி மறையும் என்றார். கலந்திருந்தார்களா என்று உறுதியாகச் சொல்ல அவரிடம் ஆதாரம் இல்லை.

8. என் மனைவியின் அக்காவைப் பற்றி இனி எழுத வேண்டும். வயது ஐம்பத்தெட்டு. மாணவர் விடுதி ஒன்றின் சமையலறையில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். தாய் இறந்தபோது பதினைந்து வயதில் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டவர். அதன் பிறகு தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. நூற்றிருபது பேருக்குச் சமைத்துவிட்டு, கடைசி ஆள் சாப்பிடும்வரை நின்றே இருப்பார். உட்காரச் சொன்னால், "உட்கார்ந்தா எழுப்ப கிரேன் வரணும், அதுக்கு நிக்கறதே மேல்" என்பார். அவருக்கும் இரண்டு முழங்காலும் போயிருந்தன. என்னைப் போல அல்லாமல் அவர் மருத்துவர் சொன்னதை எல்லாம் செய்தவர். எடையில் ஒன்பது கிலோ குறைத்தார். பயிற்சியை ஓராண்டுக்கு மேல் விடாமல் செய்தார். எலும்பு அதற்கும் அடங்கவில்லை என்பதால் அரசு மருத்துவமனையில் வலது மூட்டை மாற்ற நாள் கொடுத்திருந்தார்கள். பதினான்கு மாதம் காத்திருந்து கிடைத்த நாள் அது.

9. அறுவைக்கு மூன்று வாரம் இருக்கையில் விடுதி மாணவர் ஒருவர் தம் கைபேசியில் என் காணொளியை அவரிடம் காட்டியிருக்கிறார். அன்றே எனக்குத் தொலைபேசியில் பேசினார்.

"தம்பி, படத்துல பார்த்தேன். மத்தவங்க சொன்னா நம்ப மாட்டேன். நீ சொல்லு. நிஜமாவே வலி போயிடுச்சா?"

அது பதினோராவது வாரம், ஐயா. நான் கட்டிலில் உட்கார்ந்து, வலது முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். இடது காலுக்கு ஊசி போடும் நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. போகவில்லை என்று சொன்னால் அது நிலையத்தின் காதுக்குப் போய், இலவச ஊசி நின்றுவிடுமோ என்று பயந்தேன். அதோடு, போகவில்லை என்று வாயால் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்றும் பயந்தேன்.

"போயிடுச்சு அக்கா" என்றேன்.

"கத்தி வைக்காமலே சரியாகும்னா ஏன் வைக்கணும்" என்று சொல்லி, அவர் அறுவை நாளை ரத்து செய்தார். நான் மறைத்த இரண்டாவது விவரம் இதுவே.

10. என் எழுத்துப் பிழைகளைத் திருத்துவது என் மனைவி. முந்தைய பத்தியை எழுதிய தாளை அவர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. படித்தார். தாளை மேசை மீது வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டார். மறுநாள் காலை அதே தாளில் ஒரு எழுத்து மட்டும் திருத்தப்பட்டிருந்தது. அன்று முதல் மருத்துவமனைக்குப் போகும் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் பற்றித் தவிர அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை. இதைத் தங்களுக்கு எழுதக் காரணம், இந்த மனுவில் உள்ளதை நான் பொழுதுபோக்காக எழுதவில்லை என்று தாங்கள் அறிய வேண்டும் என்பதே.

11. அதே நிலையத்தில் அக்காவுக்கு ஊசி போட்ட மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. முழங்கால் பூசணி அளவுக்கு வீங்கிச் சிவந்தது. நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது, "செல் எல்லாம் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு, அதான் சூடு. நல்ல அறிகுறி. ஐஸ் வைங்க" என்றார்கள். ஐந்து நாள் ஐஸ் வைத்தோம். ஆறாம் நாள் நினைவு தப்பிப் பேசத் தொடங்கினார். யாருக்கோ சோறு போதவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். மூட்டுக்குள் சீழ் கட்டியிருந்தது. திறந்து கழுவினார்கள். இதுவரை நான்கு முறை கழுவியாயிற்று. மூட்டு அரித்துப்போனதால் காலை மடங்காதபடி நேராக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கிருமி முழுவதும் போகாமல் செயற்கை மூட்டு வைக்க முடியாது. கிருமி போகவில்லை. இம்முறையும் அடங்காவிட்டால் உயிரைக் காப்பாற்றத் தொடையோடு காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

12. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். போன வாரம் அவர் கட்டில் பக்கத்தில் நின்று, அன்று தொலைபேசியில் நான் பொய் சொன்னதைச் சொல்லிவிட்டேன். அவர், "உனக்கும் வலிச்சுதுல்ல, அதான் சொல்லியிருப்ப" என்றார். அவ்வளவுதான். சுவர் பக்கம் திரும்பிப் படுக்க முயன்றார். கால் கட்டு இருந்ததால் முடியவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு சாப்பாட்டைப் பற்றிக்கூட அவர் குறை சொல்வதில்லை. வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் சமையலில் உப்பைப் பற்றிப் பேசாமல் இருந்தவரில்லை அவர்.

13. அரசு மருத்துவர், ஊசியில் சேர்க்கப்பட்டவை எவை, எந்தப் புட்டி, எந்தத் தேதியில் தயாரித்தது என்று கேட்டு நிலையத்துக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். "நோயாளியின் சொந்தச் செல்கள் மட்டுமே" என்று ஒரே வரியில் முதலாவதற்குப் பதில் வந்தது. இரண்டாவதற்கு இல்லை. அக்கா ஊசி போட்டுக்கொண்ட அன்று அந்தக் கூடத்தில் மேலும் ஐந்து பேர் காத்திருந்ததாக அவர் நினைவிலிருந்து சொல்கிறார். ஒருவர் தபால்காரர், ஒருவர் பள்ளி ஆசிரியை, மற்றவர்களைத் தெரியாது. ஒரே புட்டியிலிருந்து எல்லோருக்கும் ஏதாவது சேர்த்திருந்தால் அந்த ஐந்து பேரின் கதி என்ன? அதைத் தேட எனக்கு அதிகாரம் இல்லை. தங்களுக்கு உண்டு.

14. நான் இரண்டு முறை நேரில் போய்க் காணொளியை நீக்கச் சொன்னேன். முதல் முறை தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். இரண்டாம் முறை காவலாளி லிப்டுக்கு முன்னாலேயே நிறுத்தினார். வரவேற்பில் இருந்த பெண் கையெழுத்துத் தாளைக் கொண்டுவந்து காட்டி, "நீங்க சொன்னது அன்னிக்கு உண்மைதானே சார்?" என்று கேட்டார். தாளை அவரிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினேன். கைபேசியில் புகார் பொத்தானை அழுத்தினேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று இயந்திரம் பதில் அனுப்பியது. இப்போது காணொளியில் என் குரல்கூட இல்லை. வேறு யாரோ, எனக்குத் தெரியாத இரண்டு மொழிகளில், என் வாய்க்குப் பொருத்திப் பேசுகிறார்கள். ஏழு லட்சம் பேர் பார்த்திருப்பதாக அதன் கீழே போட்டிருக்கிறது.

15. தங்கள் அலுவலகத்திலிருந்து ஆய்வுக்குச் சென்றவர்கள் குறை ஏதும் இல்லை என்று எழுதியிருப்பதாக அறிகிறேன். ஆய்வுக்கு முன் தொலைபேசியில் தெரிவித்துவிட்டே சென்றார்கள் என்றும் அறிகிறேன். இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. சொல்லாமல் ஒருமுறை செல்ல முடியுமா என்று கேட்கிறேன்.

16. என் நிலை பற்றி: இடது காலுக்கு ஊசி போட்டுக்கொள்ளவில்லை. இப்போது சுவர் வேலை மட்டும் செய்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணி இறக்கும் பயிற்சியை நான்கு மாதமாக விடாமல் செய்கிறேன். வலி போகவில்லை. கொஞ்சம் குறைந்திருக்கிறது, பிடிமானம் இருந்தால் எழுந்துவிடுகிறேன். "கொஞ்சம் குறைந்திருக்கிறது" என்று ஒருவர் சொல்வதைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

17. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

(அ) என் ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாக இதன் மூலம் எழுதித் தருகிறேன். அதை ஏற்று, காணொளியை எல்லா மொழியிலும் நிறுத்த ஆணையிட வேண்டும்.

(ஆ) அக்காவுக்கு ஊசி போட்ட நாளின் பதிவேட்டையும் மருந்துப் புட்டிகளின் விவரத்தையும் கைப்பற்றி, அரசு மருத்துவரிடம் தர வேண்டும். அன்று ஊசி போட்டுக்கொண்ட மற்ற ஐவரையும் தேடிப் பரிசோதிக்க வேண்டும்.

(இ) அது முடியும்வரை அங்கே யாருக்கும் ஊசி போடக்கூடாது.

(ஈ) நான் தெரிந்தே பொய் சொன்னதற்குச் சட்டத்தில் தண்டனை இருந்தால் அதையும் எனக்கு அளிக்கலாம். நான் மறுக்க மாட்டேன்.

பணம் எதுவும் கேட்கவில்லை.

18. அவசரத்துக்கான காரணத்தையும் சொல்லி முடிக்கிறேன். நேற்று மாலை ஒரு பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். என் எண் எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. துணிக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்பவராம். வயது நாற்பத்தொன்று. "அந்தப் படத்துல அழுவறது நீங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வலி திரும்பியதையும், அக்காவின் காலையும், நான் சொன்ன பொய்யையும் ஒன்று விடாமல் சொன்னேன். ஊசி வேண்டாம், அரசு மருத்துவமனைக்குப் போங்கள் என்று கெஞ்சினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "நீங்க இப்படித்தான் பேசுவீங்கன்னு அங்கயே சொன்னாங்க. வேற ஆஸ்பத்திரிக்காரங்க உங்களை விலைக்கு வாங்கிட்டாங்களாம்" என்றார். நான் இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கு வலி தாங்கலைங்க. படத்துல அழுத ஆளைத்தான் நான் நம்பறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. இன்று காலையிலிருந்து அந்த எண்ணில் மணியே அடிப்பதில்லை. அவர் பெயர் எனக்குத் தெரியாது, கடையும் தெரியாது. பேச்சினிடையே, வருகிற செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஊசி என்று சொன்னார். நான் சொல்லி அவர் கேட்கப்போவதில்லை. இன்று வியாழக்கிழமை, நடுவில் தங்கள் அலுவலகத்துக்கு இரண்டு வேலை நாட்களே உள்ளன. தாங்கள் திங்கட்கிழமைக்குள் அந்தக் கதவைப் பூட்டினால் மட்டுமே அவர் திரும்பிப் போவார்.

மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்.

இணைப்புகள்: 1. பெயர், முகவரி, தொலைபேசி எண். 2. அரசு மருத்துவரின் இரு கடிதங்கள், நிலையத்தின் ஒரு வரிப் பதில். 3. ரத்து செய்யப்பட்ட அறுவை நாளுக்கான சீட்டு. 4. நேற்று அழைத்த பெண்ணின் தொலைபேசி எண்.

இடம்: அரசு மருத்துவமனை, எலும்புப் பிரிவு, பெண்கள் வார்டு வெளி வராந்தா
நாள்: வியாழக்கிழமை, காலை 11 மணி

(கையொப்பம்)
டைல்ஸ் பதிக்கும் தொழிலாளி